கருங்கல்பாளையத்தில் மாதம் ஒரு கவிதை மாலை: எப்படி நடத்தினால் நிலைக்கும்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு கருங்கல்பாளையத்தில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு கவிதை நிகழ்வு நடத்துவதென்று நண்பர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். எழுபது பேர் அமரக்கூடிய சிறிய மண்டபம் ஒன்று வாடகையின்றிக் கிடைத்திருக்கிறது. மரபுக் கவிதை, புதுக்கவிதை, பாட்டு, சொல்லிசை (ராப்) என எதையும் தம் குரலில் நிகழ்த்த வருகிற எவருக்கும் இடம் உண்டு என்பது மட்டுமே இப்போதைக்கு உறுதியாகியிருக்கிறது. மற்றவற்றைக் குறித்து இங்குள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1921ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் பாரதியார் கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து, மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் உரையாற்றினார். செப்டம்பரில் அவர் மறைந்துவிட்டார். ஓர் ஆற்றங்கரைப் புறநகரின் வாசகசாலை அழைத்ததற்காக அவ்வளவு தொலைவு வந்த கவிஞரின் குரல் ஒலித்த பகுதியில், இன்று ஒரு கவிதையைக் கேட்பதற்கென்று மக்கள் கூடும் வழக்கம் இல்லாமல் போனது எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

என் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு அருகிலுள்ள ஊர் ஒன்றில் கவியரங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஆறு மணிக்கு அழைத்திருந்தார்கள். வரவேற்புரை, முன்னிலை வகித்தோர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிந்து முதல் கவிஞர் ஒலிவாங்கியை நெருங்கியபோது மணி எட்டை நெருங்கியிருந்தது. அவரும் முதல் நான்கு நிமிடங்களைத் தலைவரையும் அமைப்பாளரையும் புகழ்வதற்கே செலவிட்டார். கவிதைக்காக வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்க எழுந்துபோனார்கள். மேடைக்காக வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். கவிஞர்கள் குறைந்துபோனதால் கவியரங்கம் நலிந்தது என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பவரின் நேரத்தை நாம் மதிக்காததால்தான் அது நலிந்தது. ஆகவே எங்கள் நிகழ்வில் தலைமை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஒருவருக்கு ஐந்து நிமிடம் மட்டுமே என்று வைக்க விரும்புகிறேன். இது சரிதானா?

சந்தக்கவி எழுதியது:

தம்பி, உங்கள் முயற்சிக்கு என் வாழ்த்துகள். பொன்னாடையை விலக்குங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தலைமையையும் சேர்த்து விலக்குவதற்கு முன்னர், அது எதற்காக இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கவியரங்கத்தின் தலைமைக் கவிஞர் வெறும் அலங்காரப் பொறுப்பில் இருந்தவர் அல்லர். பொதுத் தலைப்பு ஒன்றை விரித்து, ஒவ்வொரு கவிஞரையும் கவிதையிலேயே அழைத்து, ஒருவர் சொல்லி முடித்ததிலிருந்து ஒரு நூலை எடுத்து அடுத்தவரின் தலைப்போடு முடிச்சுப் போடுவதுதான் அவருடைய வேலை. அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் மேடையேறும்போது, அவை அவனைக் கவனிக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைத் தலைவரின் நான்கு வரிகள் வழங்கின. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவின் வழியில் வந்த மேடைகளிலும், வானொலியின் பொங்கல் கவியரங்கங்களிலும் கேட்டுக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் யாப்பையே கற்றோம். புலவர் படிப்புப் படிக்க எங்களுக்கு வசதி இருந்ததில்லை. காது மட்டும் இருந்தது.

1969இல் அண்ணா மறைந்தபோது கலைஞர் வானொலியில் வாசித்த இரங்கற் கவிதையை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டு அழுததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தேன். ஒரு மொழியில் கவிதை இந்த அளவுக்குப் பொதுச்சொத்தாக இருந்ததற்கு அந்த மேடை வடிவமும் ஒரு காரணம்.

புகழ்ச்சி நோயாகிவிட்டது உண்மை. அதை நீக்க நேர வரம்பு போதும். தலைவருக்கும் வரம்பு வையுங்கள், ஆளுக்கு நான்கு வரி என்று. நல்ல தலைவர் அதற்குள்ளேயே அவையைக் கட்டிப்போட்டுவிடுவார்.

வெண்தாள் எழுதியது:

மாற்றுக் கருத்தொன்றைப் பதிவு செய்கிறேன். நான் கவிதை எழுதுகிறேன். ஆனால் மேடையில் வாசிக்க அழைத்தால் தயங்குகிறேன். அந்தத் தயக்கம் கூச்சத்தால் வந்ததன்று.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதிலிருந்து தமிழில் ஒரு கவிதை மரபு வளர்ந்திருக்கிறது. அது தனியாக அமர்ந்து கண்ணால் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது. அதில் ஒரு சொல்லுக்குப் பின் விடப்பட்ட வெற்றிடமும், நிறுத்தற்குறி இல்லாமல் முடியும் வரியும் பொருள் தருகின்றன. அதே காலத்தில் மேடைக் கவிதை வேறு திசையில் சென்றது. எதுகையும் முரணும் மோதி எழும் ஓர் அடி, அதற்குக் கைத்தட்டல், மறுபடியும் அதே அடி, மறுபடியும் கைத்தட்டல் என்று அது தனக்கென ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொண்டது. கைத்தட்டலைச் சுவைத்த கவிஞர் அடுத்த கவிதையை எழுத அமரும்போதே, எந்த வரியில் அவை தட்டும் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். அப்படி எண்ணத் தொடங்கியபின் அவர் அறியாததைத் தேடிப் போக மாட்டார். அவைக்கு ஏற்கெனவே தெரிந்ததை அழகாகச் சொல்லவே போவார். பெருங்கவிஞர்கள் சிலரிடமே இந்தச் சரிவை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே என் கேள்வி நேர வரம்பைப் பற்றியது அன்று. மௌனமாக வாசிக்க வேண்டிய கவிதைக்கு உங்கள் மாலையில் என்ன இடம்?

நூலடுக்கு எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வெண்தாள் கேட்டிருப்பதற்கு வகுப்பறையில் நான் கண்டறிந்த ஒரு வழியைச் சொல்கிறேன். பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்றை வாசித்தால் மாணவர்களுக்கு எதுவும் நிற்பதில்லை. அதே கவிதையை விளக்கம் எதுவும் சொல்லாமல், இருபது நொடி விட்டு, முழுமையாக இன்னொரு முறை வாசித்தால் முகங்கள் மாறுகின்றன. முதல் முறை அவர்கள் பொருளைத் துரத்துகிறார்கள். இரண்டாம் முறை சொற்களைக் கேட்கிறார்கள். சிறிய கவிதையை இருமுறை வாசிப்பது என்பதை விதியாகவே வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு கவிதை இருமுறை என்பது தாராளமாக அடங்கும். மேடைக் கவிஞர் ஓர் அடியை மட்டும் திருப்பிச் சொல்லிக் கைத்தட்டல் பெறுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே கவிதை முழுவதும் திரும்ப வருகிறது, எந்த அடி சிறந்தது என்று கவிஞர் நமக்குச் சொல்வதில்லை.

கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவியரங்கங்களில் ஆறு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கு மட்டும் 'தாய்மை' என்றோ 'பெண்மை' என்றோ தலைப்புத் தருகிற வழக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை எனக்கே அது நேர்ந்தது. நான் ஆற்று மணலைப் பற்றி எழுத விரும்பினேன்; தலைப்பு ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார்கள். பொதுத் தலைப்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். சந்தக்கவி ஐயா என்னைப் பொறுத்தருள வேண்டும்.

சந்தக்கவி எழுதியது:

பொறுக்க என்ன இருக்கிறது அம்மா, நீங்கள் சொன்னது நடந்த அநீதி. அந்த வழக்கத்தை நான் காக்க மாட்டேன்.

ஆனால் அடியைத் திருப்பிச் சொல்வதைப் பற்றி வெண்தாள் எழுதியது முழு உண்மை அன்று. எண்சீர் விருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய் காய் மா தேமா என்ற வாய்பாட்டில் நான்கு சீர் கொண்ட அரையடி இருமுறை வந்து ஓரடி ஆகிறது, அப்படி நான்கடி. கேட்பவர் கையில் தாள் இல்லை. நீண்ட அடியின் தொடக்கத்தில் வந்த சொல்லுக்கும் முடிவில் வந்த சொல்லுக்கும் உள்ள உறவைக் காது மட்டுமே பிடித்துவைக்க வேண்டும். கவிஞர் முதல் அரையடியைச் சொல்லி நிறுத்துகிறார், அதையே மீண்டும் சொல்கிறார், பிறகு இரண்டாம் அரையடியை இறக்குகிறார். முதற்சொல் காதில் பதிவதற்காகத்தான் அந்தத் திருப்பம். கைத்தட்டலுக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் பின்னால் வந்தார்கள். ஓதுவாரும் வில்லுப்பாட்டுக் கலைஞரும் இதையே செய்கிறார்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவது கேட்பவருக்கு அதே உதவியைத்தான் செய்கிறது.

மிச்சிகன் ஏரி எழுதியது:

சிகாகோவில் வசிக்கும் ஈரோட்டுக்காரன் நான். இங்கே அப்டவுன் பகுதியில் கிரீன் மில் என்ற பழைய ஜாஸ் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடந்துவரும் நிகழ்வைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பயன்படக்கூடும். மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி 1986இல் அதைத் தொடங்கினார். பல்கலைக்கழக வட்டாரங்களில் நடந்த கவிதை வாசிப்புகளில் கவிஞர்கள் மட்டுமே கவிஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அவருடைய மனக்குறை. அவையைக் கவிதைக்குள் இழுப்பதற்காகப் போட்டி என்ற வடிவத்தை அவர் கையிலெடுத்தார். அதைத்தான் ஸ்லாம் என்கிறார்கள்.

அவையிலிருந்தே ஐந்து பேரை நடுவர்களாகப் பொறுக்குகிறார்கள். அவர்கள் கவிதை அறிந்தவர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் தருகிறார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுகிறார்கள். 1990இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய தேசிய அளவிலான போட்டிகளில் ஒரு கவிதைக்கு மூன்று நிமிடம் என்றிருந்தது. அதற்குமேல் பத்து நொடி சலுகை. அதையும் தாண்டினால் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும், இசைக்கருவி கூடாது, வேடமோ பொருள்களோ கூடாது. அவையினர் பிடிக்காதபோது விரல் சொடுக்குவார்கள், தரையில் கால் தட்டுவார்கள். காவிரிக்கரை எழுதிய பொன்னாடைக் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது: மார்க் ஸ்மித் மேடையேறித் தன் பெயரைச் சொன்னதும், அதனால் என்ன என்று அவை ஒரே குரலில் கத்துவது அங்கே மரபு. தொடங்கியவருக்கே அங்கே கிடைக்கிற மரியாதை அதுதான். பெயர் ஒன்றுமில்லை, இனி சொல்லப்போகிற கவிதைதான் பொருட்டு என்பதை அது ஒவ்வொரு முறையும் உறுதி செய்கிறது.

மூன்று நிமிடம் என்பதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. ஐந்து நிமிடம் நீளம்.

வெண்தாள் எழுதியது:

மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கைத்தட்டலே கவிதையைக் கெடுக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 8.7 என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவது எந்த வகையில் உதவும்? ஒரே வகையான தன்வரலாற்றுக் கவிதை, ஒரே வகையான ஏற்ற இறக்கம், இறுதியில் ஒரே வகையான உரத்த முடிவு என்று அந்த மேடைகளும் ஒரு பழக்கத்துக்குள் விழுந்துவிட்டதாக அவர்களே விவாதிக்கிறார்கள்.

சந்தக்கவி எழுதியது:

போட்டி நமக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டுகிறேன். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின்போது மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று ஒரு கட்சியும் எதிரெதிரே அமர்ந்து லாவணி பாடின. ஒருவர் தொடுத்த வினாவுக்கு மற்றவர் அதே மெட்டில் அங்கேயே விடை கட்டியாக வேண்டும். விடியும்வரை ஊர் உட்கார்ந்து கேட்டது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்திலும் (ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டும் கலை அது) கேட்போர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடும் சோதனை உண்டு. இரண்டிலும் அவைக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, ஆனால் எண் போடும் வேலையை யாரும் செய்யவில்லை. எண் வேண்டாம் என்பதில் வெண்தாளோடு நான் உடன்படுகிறேன். அவைக்கு வேலை வேண்டும் என்பதில் சிகாகோ நண்பரோடு உடன்படுகிறேன். மாதம் ஒரு ஈற்றடியை அங்கேயே அவையிடம் கேட்டு வாங்கி, விருப்பமுள்ளவர்கள் அடுத்த அரைமணி நேரத்தில் எழுதி வாசிக்கலாமே.

பாலாற்றங்கரை எழுதியது:

அவையின் வேலை என்று வந்ததால் வாணியம்பாடியிலிருந்து ஒரு சொல். எங்கள் ஊரிலும் ஆம்பூரிலும் முஷாயிரா எனப்படும் உருதுக் கவியரங்கங்கள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. உருது எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். அப்படியும் போகிறேன், ஏனென்றால் அங்கே கேட்பதைக் கற்றுக்கொள்ளலாம். பழைய மரபில், யார் முன் மெழுகுவத்தி வைக்கப்படுகிறதோ அவர் கவிதை சொல்வார். ஷேர் என்ற ஈரடியின் முதலடியைக் கவிஞர் சொன்னதும் முன்வரிசையில் இருப்பவர்கள் அதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்கிறார்கள். கவிஞர் மீண்டும் அதே அடியைச் சொல்கிறார். ரதீஃப் என்ற இறுதிச் சொல் எது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் வரப்போகும் காஃபியா என்ற இயைபு எதுவாக இருக்கும் என்று அத்தனை பேரும் மனத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கவிஞர் இரண்டாமடியை முடிக்கும்போது சிலர் அவரோடு சேர்ந்தே அந்தச் சொல்லை அடைந்துவிடுகிறார்கள். அப்போது எழுகிற 'வாஹ்' என்ற ஒலியில், கவிதையைக் கவிஞரும் அவையும் சேர்ந்து கண்டுபிடித்த மகிழ்ச்சி இருக்கிறது. மிகவும் பிடித்தால், திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள்படும் 'முகர்ரர்' என்ற வேண்டுகோள் அவையிலிருந்து வருகிறது.

கவனியுங்கள்: திரும்பச் சொல்வதா இல்லையா என்பதை அங்கே அவை முடிவு செய்கிறது. வெண்தாளும் சந்தக்கவி ஐயாவும் வாதிட்டுக்கொண்டிருக்கிற இடத்துக்கு இதில் ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். கவிக்கோ அப்துல் ரகுமான் எங்கள் இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்; இத்தகைய ஈரடிகளால் ஆன கஜல் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. இந்த மண்ணின் காதுதான் அதற்குத் துணைநின்றது என்று நான் நம்புகிறேன்.

வடமராட்சி எழுதியது:

இந்த உரையாடலை மிகுந்த ஆர்வத்தோடு வாசித்துவருகிறேன். உரத்த மேடைக் கவிதை ஒருபுறம், மௌனக் கவிதை மறுபுறம் என்று இங்கே இரண்டே வழிகள் பேசப்படுகின்றன. இலங்கையில் எங்கள் பக்கத்தில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது.

அளவெட்டியில் பிறந்த மஹாகவி, து. உருத்திரமூர்த்தி என்பது அவருடைய இயற்பெயர், 1927 முதல் 1971 வரை வாழ்ந்தவர். யாப்பை விடாமலே அதைப் பேச்சின் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர். வெண்பாவின், விருத்தத்தின் சீர்களை அச்சில் மரபுப்படி நிரல்படுத்தாமல், ஒரு மனிதர் பேசும்போது எங்கே மூச்சு விடுவாரோ, எங்கே தயங்குவாரோ அங்கே வரியை உடைத்து எழுதினார். அதை இராகமிட்டு இழுத்தால் கவிதை கெட்டுவிடும். பேசுவதுபோல வாசித்தால், பேச்சுக்கு அடியில் யாப்பு ஓடிக்கொண்டிருப்பது மெல்லப் புலப்படும். முருகையனும் நீலாவணனும் அதே காலத்தில் தத்தம் வழியில் இந்தப் பேச்சோசையை வளர்த்தார்கள், பா நாடகங்களிலும் கையாண்டார்கள். அவர்கள் கவியரங்குகளிலும் கலந்துகொண்டவர்கள். ஆகவே மேடை என்றாலே முழக்கம் என்று கொள்ளத் தேவையில்லை.

1980களில் யாழ்ப்பாணத்தில் கவிதா நிகழ்வுகள் என்ற பெயரில் பல கவிஞர்களின் கவிதைகளைத் தொடுத்து, சிலர் சேர்ந்து பல குரல்களில் நிகழ்த்தினார்கள். கவிதையை எழுதியவரே அதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அச்சிட்டுப் பரப்ப அஞ்சவேண்டிய சொற்களை மக்கள் கூடி நின்று கேட்டார்கள். வெண்தாள் மேடையேறத் தயங்கினால், அவருடைய கவிதையை வேறொருவர் வாசிக்கலாம். எழுதியவர் அவையில் அமர்ந்து தன் கவிதையைப் பிறர் குரலில் கேட்பது அவருக்கும் ஒரு பாடமாக அமையும்.

வெண்தாள் எழுதியது:

பிறர் குரலில் கேட்பது என்ற யோசனையை நான் ஏற்கிறேன். நூலடுக்கு அவர்கள் இசைந்தால் என் கவிதை ஒன்றை அவர்களே வாசிக்கட்டும், இருமுறை.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளிபாளையத்தில் தறிக்குடோனில் வேலை செய்கிறேன், சொல்லிசை எழுதுகிறேன். மேலே பெரியவர்கள் எழுதியவற்றை இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் போகிற அந்த இரட்டை அடியின்மேல்தான் நான் சொற்களை வைத்துப் பழகினேன். தாளை வைத்து எழுதியதில்லை. ஷிப்ட் முடிவதற்குள் ஒரு பத்தியை மனத்துக்குள்ளே கட்டி, வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பதிவு செய்வேன். 2018 சனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் மேடையேறியபோது அந்தக் காணொளியைப் பார்த்துத்தான், கானாவும் சொல்லிசையும் ஒரே மேடையில் நம் வாழ்க்கையைப் பேசலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

எனக்கு இரண்டு கேள்விகள். பின்னணித் தாளத்தைக் கைப்பேசியிலிருந்து ஓடவிட அனுமதி உண்டா? சாதியைப் பற்றி நேரடியாகச் சொன்னால் நிறுத்தச் சொல்வீர்களா? வேறோர் இடத்தில் பாதியில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள், அதனால்தான் முன்னதாகவே கேட்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நிறுத்த மாட்டோம். ஒரு தனிமனிதரின் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தக் கூடாது என்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு எதையும் வைக்கப்போவதில்லை. முன்கூட்டியே கவிதையை வாங்கிச் சரிபார்க்கும் வேலையும் எங்களுக்கு வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் பெண் கவிஞர்கள் உடலைப் பற்றி எழுதியதற்காக எவ்வளவு வசைகளைக் கேட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அந்தக் கவிதைகள் இன்று பல்கலைக்கழகப் பாடமாக இருக்கின்றன. எது கவிதைக்குத் தகும் என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பை ஒரு மாத நிகழ்வின் அமைப்பாளர் ஏற்பது முறையாகாது.

பின்னணித் தாளத்தைப் பற்றி எனக்கு முடிவான கருத்து இல்லை.

சந்தக்கவி எழுதியது:

தறிச்சத்தம் தம்பிக்கு: தாளத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டால் நீங்கள் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அவை ஒரு வரியில் நின்று மீண்டும் சொல்லச் சொன்னால் அந்தப் பெட்டி நிற்காது. பறையோ, கஞ்சிராவோ, மேசையோ, உயிருள்ள ஒரு கை தட்டட்டும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். தறியின்மேல் சொற்களை வைத்துப் பழகினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றம் இறைத்தவனும் நடவு நட்டவளும் அப்படித்தான் பாட்டுக் கட்டினார்கள். உங்களைக் கேட்பதற்காகவே நான் பேருந்தேறி வருவேன்.

ஒலிவாங்கி எழுதியது:

மைக்செட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கவிதை நிகழ்வுகள் பல, கவிஞராலோ அவையாலோ கெடுவதற்கு முன்னர் ஒலியமைப்பால் கெட்டுப்போகின்றன.

எழுபது பேர் அமரும் மண்டபம், மேற்கூரை கான்கிரீட், சுவர் வெறும் சுவர் என்றால் அங்கே எதிரொலி இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆள் நிறைந்தால் குறையும். பாதி காலியாக இருந்தால் பின்சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி அடுத்த சொல்லின்மேல் விழுந்து இரண்டையும் குழப்பும். பின்சுவரில் கனமான போர்வையோ ஜமக்காளமோ தொங்கவிடுங்கள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்! நாற்காலிகளை நீள வரிசையாகப் போடாமல், வாசிப்பவரைச் சுற்றி அரைவட்டமாக நெருக்கிப் போட்டால், ஒலிவாங்கி இல்லாமலே பாதிப்பேருக்குக் கேட்கும்.

வாடகைக்கு வருகிற பையன் பழக்கத்தின் காரணமாக எக்கோவைக் கூட்டிவைத்திருப்பான். திருமண வீட்டு அறிவிப்புக்கு அது கம்பீரமாக இருக்கலாம். கவிதைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஒற்றெழுத்துகள் அத்தனையும் கரைந்துபோகும், 'பட்டு' எது 'பத்து' எது என்று தெரியாது. எக்கோவை முழுவதும் அணைக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிகள் வாசிப்பவருக்கு முன்னால், அவையை நோக்கி இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வைத்தால் ஒலிவாங்கி தன் ஒலியையே மீண்டும் வாங்கி ஊளையிடும். வாயிலிருந்து நான்கு விரல் முதல் ஒரு சாண் தூரம் போதும், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் பகரம் வெடிக்காது. சொல்லிசைக்காரர்கள் ஒலிவாங்கியின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிறார்கள். அதைச் செய்தால் குரல் அடைத்து ஒலிக்கும், ஊளையும் எழும். மின்விசிறிகளில் சத்தமிடுபவை எவை என்று முன்னாலேயே பார்த்து அவற்றை நிறுத்திவிடுங்கள்.

தாளத்தைப் பற்றிச் சந்தக்கவி ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். கஞ்சிராவுக்குத் தனி ஒலிவாங்கி தேவையில்லை. குரலைவிடக் கீழே இருக்குமாறு வாசிப்பவர் பார்த்துக்கொண்டால் போதும்.

நூலடுக்கு எழுதியது:

நேரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால், பெருந்துறை, கொடுமுடிப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். பெயர் எழுதுகிற வரிசையில் முன்னால் வந்து பெயர் தந்தவர்களே முன்னால் என்று வைத்தால், வீட்டு வேலை முடித்துத் தாமதமாக வருகிறவர்களுக்கு எப்போதும் கடைசி இடம்தான் கிடைக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு அழைப்பது நியாயமாக இருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருடைய கருத்துகளையும் நண்பர்களோடு அமர்ந்து பேசினோம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிப்போம். தலைவர் என்று ஒருவர் மேடையில் அமர்ந்திருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொருவரையும் நான்கு வரிக்கு மேற்படாமல் அழைத்து, ஒருவரின் கவிதையை அடுத்தவரோடு இணைத்துச் சொல்லும் பொறுப்பை மாதம் ஒருவர் ஏற்பார். முதல் மாதத்துக்கு அதைச் சந்தக்கவி ஐயா ஏற்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறோம். ஆளுக்கு நான்கு நிமிடம். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றுவிட்டோம். அதற்குள் வாழ்த்தோ நன்றியோ சொன்னால் அதுவும் அவர்களுடைய நேரத்திலேயே கழியும். ஓர் அடியைத் தாமாகத் திருப்பிச் சொல்ல வேண்டாம். அவை கேட்டால் சொல்லலாம், அந்த நேரம் கணக்கில் சேராது. பன்னிரண்டு வரிக்குள் உள்ள கவிதையை முழுமையாக இருமுறை வாசிக்கலாம். பிறருடைய கவிதையை, எழுதியவர் பெயரைச் சொல்லி வாசிக்கலாம். மதிப்பெண் இல்லை. வரிசை சீட்டுக் குலுக்கலில். தாளம் உண்டு, பதிவு செய்த தாளம் இல்லை. ஈற்றடி எழுதும் அரைமணி நேரத்தை இரண்டாம் மாதத்திலிருந்து சேர்ப்போம். முதல் நிகழ்விலேயே எல்லாவற்றையும் திணித்தால் கவிதைக்கு மூச்சு இருக்காது.

மண்டபத்தின் பின்சுவருக்கு ஜமக்காளங்கள் ஒரு கடையிலிருந்து இரவல் கிடைத்துவிட்டன. ஆணி அடிக்கக் கூடாது என்று மண்டபக்காரர் சொல்கிறார். கயிறு கட்டித் தொங்கவிடச் சாளரக் கம்பிகள் தாங்குமா என்று ஒலிவாங்கி அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் நல்லது.

சந்தக்கவி எழுதியது:

ஏற்கிறேன் தம்பி. வாசிப்பவர்களின் பெயர்களையும் கவிதையின் முதல் வரிகளையும் முந்தின நாள் எனக்கு அனுப்பிவைத்தால் போதும், கவிதை முழுவதையும் அனுப்ப வேண்டாம். அவையோடு சேர்ந்து நானும் முதல்முறையாகவே கேட்க விரும்புகிறேன்.

தறிச்சத்தம் எழுதியது:

எனக்கு அன்று இரவு ஷிப்ட் எட்டு மணிக்கு. ஏழு மணிக்கு முடிந்தால் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடுவேன். கஞ்சிரா வாசிக்கிற நண்பனையும் அழைத்து வருகிறேன். என் பெயரையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலிவாங்கி எழுதியது:

சனிக்கிழமை காலையில் வருகிறேன். நீளமான மூங்கில் இரண்டு எடுத்து வையுங்கள். கம்பி தாங்காவிட்டாலும் இரு ஓரத்திலும் மூங்கிலை நிறுத்திக் கட்டிவிடலாம்.